தொடையில கம்பி வெச்சாச்சு... பழையபடி நடக்க எவ்வளவு நாளாகும்?

பைக்கில் போகும்போது லாரி உரசுகிறது. இல்லை, கட்டிட வேலையில் சாரம் சரிந்து கீழே விழுகிறார். தொடை எலும்பு 2 துண்டு. 108 ஆம்புலன்சில் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகிறார்கள். ஓரிரு நாளில் ஆபரேஷன். "உள்ள ராடு வெச்சாச்சு, இனி பயம் இல்ல" என்கிறார் டாக்டர். 2 வாரத்தில் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள்.

அதோட முடிஞ்சு போச்சா? இல்லை. அங்கேதான் ஆரம்பமே.

"3 மாசத்துல நடந்துடலாம்னாங்க. 8 மாசம் ஆச்சு, இன்னும் விந்தி விந்திதான் நடக்கிறேன்." எந்த அரசு ஆஸ்பத்திரி எலும்பு சிகிச்சை பிரிவு வரிசையில் நின்றாலும் இந்த பேச்சை கேட்கலாம். மூட்டை தூக்குகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், கொத்தனார், டெலிவரி பையன் என்று உடம்பை நம்பி பிழைப்பவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். அவர்களுக்கு கால் போனால் சம்பாத்தியமே போன மாதிரி. ஆபரேஷன் டாக்டர் வேலை. அதற்கு பிறகு வரும் ஒரு வருடம் நோயாளியின் வேலை. அந்த ஒரு வருடத்தை பற்றி யாரும் உட்கார வைத்து சொல்வதில்லை.

கம்பி என்ன செய்யுது?

உடம்பிலேயே நீளமான, உறுதியான எலும்பு தொடை எலும்புதான். அது முறிய வேண்டும் என்றால் அடி எவ்வளவு பலமாக இருந்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முறிந்த தொடைக்குள்ளேயே 1 லிட்டருக்கு மேல் ரத்தம் கசிந்து விடும். வெளியே ஒரு சொட்டு தெரியாது. ஆபரேஷன் முடிந்தும் பல வாரம் சோர்வாக, முகம் வெளுத்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடை எலும்பு உள்ளே குழாய் மாதிரி இருக்கும். அந்த குழாய்க்குள் டைட்டானியம் அல்லது ஸ்டீலில் செய்த நீளமான கம்பியை இறக்குகிறார்கள். சுமார் ஒரு முழ நீளம். விரல் பருமன். இடுப்பு பக்கம் சின்னதாக கீறி மேலிருந்து கீழே இறக்குவது ஒரு முறை. முட்டி வழியாக கீழிருந்து மேலே ஏற்றுவது இன்னொரு முறை. எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே செய்வதால் முறிந்த இடத்தை பெரும்பாலும் திறப்பதே இல்லை. கடைசியில் மேலேயும் கீழேயும் குறுக்கே ஸ்குரூ போட்டு பூட்டி விடுவார்கள். எலும்பு சுழலாமல், குறுகாமல் இருக்கத்தான் இந்த பூட்டு.

இந்த வித்தையை 1939-ல் ஜெர்மனியில் கீல் நகரத்தில் தொடங்கி வைத்தவர் டாக்டர் கெர்ஹார்ட் குன்ட்ஷர். 2-ம் உலகப்போரில் ஜெர்மனியிடம் சிக்கிய எதிர்நாட்டு வீரர்கள் சிலர் ஊர் திரும்பியதும், எக்ஸ்ரே எடுத்து பார்த்த டாக்டர்கள் தொடைக்குள் இரும்பு கம்பியை கண்டு அசந்து போனார்கள். அதுவரை காலில் எடை கட்டி தொங்க விட்டு 2, 3 மாதம் படுக்கையிலேயே போட்டு வைப்பதுதான் வழக்கம். கம்பி வந்த பிறகுதான் சில நாளிலேயே எழுந்து நிற்க முடிந்தது. அமெரிக்காவில் சியாட்டில் டாக்டர்கள் 520 தொடை எலும்பு முறிவுகளுக்கு இப்படி கம்பி வைத்து, 99 சதவீதம் கூடி விட்டதாக 1984-ல் கணக்கு வெளியிட்டார்கள்.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். கம்பி எலும்பை ஒட்ட வைக்காது. பிடித்துக்கொண்டு மட்டும்தான் இருக்கும். வீட்டுக்கு ரூப் போடும்போது கான்கிரீட் இறுகும் வரை சென்ட்ரிங் பலகையும் முட்டும் தாங்கி நிற்கிற மாதிரி. இறுக வேண்டியது கான்கிரீட்தான். அது இறுகாமல் போனால் முட்டு எத்தனை நாள் தாங்கும்?

எலும்பு கூட எத்தனை மாசம்?

முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். 2, 3 வாரத்தில் அது ரப்பர் மாதிரி மெத்தென்ற புது திசுவாக மாறும். 6 வாரம் முதல் 12 வாரத்துக்குள் அதில் சுண்ணாம்பு சத்து ஏறி கெட்டிப்படும். எக்ஸ்ரேயில் முறிவை சுற்றி மேகம் மாதிரி வெள்ளையாக தெரிவது இதுதான். நல்லபடியாக கூட பொதுவாக 3 முதல் 6 மாதம் பிடிக்கும். எலும்பு நொறுங்கி இருந்தாலோ, தோலை கிழித்து வெளியே வந்திருந்தாலோ இன்னும் தாமதமாகும். கூடிய பிறகும் எலும்பு தன்னை செதுக்கி பழைய உருவத்துக்கு வர வருடக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும்.

அதனால்தான் 6-வது வாரம், 3-வது மாதம், 6-வது மாதம் என்று எக்ஸ்ரேவுக்கு வர சொல்கிறார்கள். நம்ம ஆட்கள் பலர் தையல் பிரித்ததோடு சரி. வலி குறைந்ததும் "எல்லாம் சரியா போச்சு"ன்னு அந்த சீட்டை பரணில் போட்டு விடுகிறார்கள். ஒரு நாள் கூலி போகுமே என்ற கவலை புரிகிறது. ஆனால் கம்பி வைத்த காலில் எலும்பு கூடாமலே வலி இல்லாமல் கொஞ்ச காலம் நடக்க முடியும். கம்பி தாங்கிக்கொண்டு இருக்கும். உள்ளே நடப்பது எக்ஸ்ரேவுக்குத்தான் தெரியும்.

காலை ஊனலாமா, கூடாதா?

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. முறிவு நடு தொடையில், எலும்புகள் நேராக முட்டிக்கொண்டு, கம்பி நல்ல பருமனாக இருந்தால் சில நாளிலேயே வாக்கர் பிடித்து காலை ஊன்ற விடுகிறார்கள். முறிவு முட்டி பக்கத்தில் இருந்தாலோ, வேறு இடத்திலும் அடி இருந்தாலோ 6 வாரம் வரை பாதம் தரையை தொட மட்டும் விடுவார்கள். பக்கத்து பெட்காரர் நடக்கிறார் என்று நீங்களும் இறங்கி நடக்காதீர்கள். அவர் முறிவு வேறு, உங்க முறிவு வேறு.

அதே சமயம், ஊன்ற சொல்லியும் பயந்துகொண்டு படுத்தே கிடப்பதும் தப்பு. எலும்பு மேல் அளவாக பாரம் விழுந்தால்தான் அது பலமாகும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு திணறி நெஞ்சு வலித்தாலோ நாளைக்கு பார்க்கலாம் என்று இருக்க கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். ஊன்றுகோலை அடிபட்ட காலுக்கு எதிர்பக்க கையில் பிடிக்க வேண்டும். வலது தொடையில் கம்பி என்றால் இடது கையில் கோல். ரோட்டில் பாருங்கள், பாதி பேர் அடிபட்ட பக்கமே பிடித்து போவார்கள். எதிர் கையில் பிடித்தால்தான் இடுப்பு மேல் விழும் பாரம் குறையும்.

விந்தி நடப்பது ஏன்?

எலும்பு கூடி விட்டது. டாக்டர் எக்ஸ்ரே பார்த்து "சூப்பர்" என்று சொல்லி விட்டார். ஆனாலும் நடை சரியாக வரவில்லை. என்ன காரணம்?

பெரும்பாலும் சதைதான். இடுப்பின் பக்கவாட்டில் ஒரு சதை இருக்கிறது. ஒரு காலை தூக்கி அடுத்த அடி வைக்கும்போது இடுப்பு சாயாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். மேலிருந்து கம்பி இறக்கும்போது அந்த சதை ஓரமாகத்தான், சில நேரம் அதன் ஊடாகவே போக வேண்டி இருக்கிறது. அதோடு மாதக்கணக்கில் கட்டையில் நடந்ததில் அந்த சதைக்கு வேலையே இல்லை. பலம் போய் விடும். அடிபட்ட காலை ஊன்றும்போது எதிர்பக்க இடுப்பு கீழே இறங்கும். அதை சமாளிக்க உடம்பு ஒரு பக்கமாக சாயும். விந்தல் இப்படித்தான் வருகிறது.

கண்ணாடி முன்னால் அடிபட்ட காலில் மட்டும் நின்று பாருங்கள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள சுவர் இருக்கட்டும். எதிர்பக்க இடுப்பு தொங்கினால் சதை இன்னும் பலமாகவில்லை என்று அர்த்தம். டாக்டர் ஓ.கே. சொன்ன பிறகு, நல்ல கால் கீழே இருக்கிற மாதிரி ஒருக்களித்து படுத்து, அடிபட்ட காலை மடக்காமல் மேலே தூக்கி மெல்ல இறக்க வேண்டும். 10 தடவை. கொஞ்சம் மூச்சு விட்டு மறுபடி 10. காலையும் மாலையும். காசு செலவில்லாத வைத்தியம். ஆனால் ஒரு வாரத்தில் பலன் தெரியாது, மாதக்கணக்கில் செய்ய வேண்டும். அதனால்தான் முக்கால்வாசி பேர் பாதியில் விட்டு விடுகிறார்கள்.

அடுத்தது தொடை முன்சதை. ஆபரேஷன் ஆன சில வாரத்திலேயே தொடை சூம்பி போனது கண்ணுக்கே தெரியும். முட்டிக்கு கீழே துண்டை சுருட்டி வைத்து, முட்டியால் அதை அழுத்தி 5 எண்ணும் வரை பிடித்து விடுவது முதல் பயிற்சி. ஆபரேஷன் முடிந்த மறுநாளே படுக்கையில் ஆரம்பித்து விடலாம். சூம்பின தொடை மறுபடி தேற ஒரு வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

முட்டி மடங்கலையா?

முட்டி விறைத்து போவதுதான் அடுத்த தலைவலி. நாற்காலியில் உட்கார்ந்து எழவும் படி ஏறவும் 90 முதல் 100 டிகிரி மடங்கினால் போதும். ஆனால் சம்மணம் போட, தரையில் உட்கார்ந்து சாப்பிட, நம்ம ஊர் கக்கூசில் குத்த வைக்க அதைவிட நிறைய மடங்க வேண்டும். முதல் 2, 3 மாதத்தில் மடக்காத முட்டியை பிறகு மடக்குவது ரொம்ப கஷ்டம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை தொங்க விடுவது, படுக்கையில் குதிகாலை இழுத்து இழுத்து மடக்குவது, இதை தினமும் செய்ய வேண்டும். அதுவரைக்கும் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை கக்கூசில் போட்டுக்கொண்டால் பிரச்சினை இல்லை.

எண்ணெய் போட்டு உருவி இழுக்கிறவரிடம் போய் முட்டியை மடக்க வேண்டாம். முரட்டுத்தனமாக இழுத்தால் கூடி வரும் எலும்பே விலகலாம். புத்தூர் கட்டுக்கு நம்ம ஊரில் பெரிய பெயர் இருக்கலாம். உள்ளே கம்பியும் ஸ்குரூவும் இருக்கிற தொடை அதற்கான இடம் இல்லை.

விபத்தில் தொடை முறியும்போது முட்டி ஜவ்வும் கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு. தொடை வலியில் அது தெரியாது. நடக்க ஆரம்பித்த பிறகு "முட்டி நழுவுற மாதிரி இருக்கு" என்று தோன்றினால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சிலருக்கு பாதம் வெளிப்பக்கமாக திரும்பியே இருக்கும். கம்பி பூட்டும்போது எலும்பு கொஞ்சம் சுழன்ற நிலையில் பூட்டப்பட்டிருக்கலாம். லேசான திருப்பம் பழகி விடும். நன்றாகவே திரும்பி இருந்தால் ஸ்கேன் எடுத்து பார்த்து திருத்தலாம். எலும்பு முழுதாக கூடுவதற்குள் சொன்னால் வேலை சுலபம். ஒரு கால் குட்டையாவதும் உண்டு. 1 சென்டிமீட்டர் வித்தியாசம் பலருக்கு தெரியவே தெரியாது. 2 சென்டிமீட்டர் வரை செருப்பில் உயரம் வைத்து சமாளிக்கலாம்.

பீடி, மாத்திரை, ஆட்டுக்கால் சூப்

எலும்பு கூடாமல் போவதற்கு பெரிய எதிரி புகை. பீடி, சிகரெட்டில் இருக்கும் நிகோடின் ரத்தக்குழாய்களை சுருக்கி விடும். முறிந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் எலும்பு எப்படி வளரும்? கம்பிக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்து விட்டு, ஆஸ்பத்திரி வாசலிலேயே பீடி பற்ற வைப்பதை பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அடுத்தது சுகர். கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் எலும்பும் தாமதமாகும், புண்ணிலும் சீழ் வைக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் "கால் வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்கள் உண்டு. அது வயிற்றை புண்ணாக்கும், கிட்னியை கெடுக்கும். சில வகை வலி மாத்திரைகளை நீண்ட நாள் போட்டால் எலும்பு கூடுவதும் தாமதமாகலாம் என்று டாக்டர்கள் சந்தேகிக்கிறார்கள். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு கூடும் என்பது எல்லா வீட்டு நம்பிக்கை. குடிக்கட்டும், தப்பில்லை. ஆனால் அதில் இறங்கும் சுண்ணாம்பு சத்து ரொம்ப கொஞ்சம். அந்த காசுக்கு முட்டை, பால், நெத்திலி, கேழ்வரகு கூழ் சாப்பிட்டால் பலன் அதிகம். எலும்புக்கு சுண்ணாம்பு சத்து எவ்வளவு முக்கியமோ அந்த அளவு புரதமும் முக்கியம். கொஞ்ச நேரம் வெயிலிலும் உட்காருங்கள்.

கட்டையில் நடக்கிற காலத்தில் சரக்கு வேண்டவே வேண்டாம். போதையில் ஒரு தடவை வழுக்கி விழுந்தால் மறுபடி முதலில் இருந்து.

கம்பியே உடையுமா?

உடையும். ஒரு கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? பட்டென்று ஒடியும். அதே கதைதான். எலும்பு கூடாத காலில் ஒவ்வொரு அடிக்கும் கம்பி மேல் அந்த அழுத்தம் விழுகிறது. எலும்பு சீக்கிரம் கூடினால் கம்பிக்கு ஓய்வு. கூடாவிட்டால் முதலில் ஸ்குரூ ஒடியும், பிறகு கம்பியே ஒடியலாம்.

9 மாதம் ஆகியும் கூடாமல், கடைசி 3 மாதம் எக்ஸ்ரேயில் எந்த முன்னேற்றமும் இல்லாவிட்டால் அதை எலும்பு கூடாத நிலை என்கிறார்கள். அதற்கும் வழி இருக்கிறது. ஒரு முனை ஸ்குரூவை கழற்றி விட்டு எலும்புகள் நெருங்கி முட்ட விடுவது ஒரு வழி. பழைய கம்பியை எடுத்து விட்டு இன்னும் பருமனான கம்பி போடுவது இன்னொன்று. இடுப்பு எலும்பில் இருந்து துளி எடுத்து வைப்பதும் உண்டு. கம்பி ஒடிவதற்கு முன்னால் போனால் இதெல்லாம் சுலபம். ஒடிந்த துண்டை உள்ளே இருந்து எடுப்பது டாக்டருக்கும் பெரிய பாடு.

குறைந்து வந்த வலி மறுபடி கூடுவது, தொடை நடுவில் ஊன்றும்போதெல்லாம் வலிப்பது, தழும்பில் நீர் அல்லது சீழ் கசிவது, காரணம் தெரியாத காய்ச்சல். இதில் எது வந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சீழ் என்பது வருடங்கள் கழித்தும் தலைகாட்டலாம்.

மார்கழி குளிரில் கம்பி வலிக்குதுன்னு பலர் சொல்வார்கள். கம்பிக்கு ஏது உணர்ச்சி? இடுப்பு பக்கம் அதன் நுனி சதையில் உரசலாம். முட்டி பக்கம் ஸ்குரூ தலை தோலுக்கு அடியில் துருத்தலாம். எலும்பு நன்றாக கூடி இருந்தால் இந்த வலியால் காலுக்கு ஆபத்து இல்லை. ரொம்ப தொல்லை கொடுத்தால் அந்த ஸ்குரூவை மட்டும் கழற்றி விடலாம்.

வேலைக்கு எப்போ போகலாம்?

உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றால் 2, 3 மாதத்தில் முடியும். மூட்டை தூக்குவது, சாரத்தில் ஏறுவது எல்லாம் எலும்பு கூடியது எக்ஸ்ரேயில் உறுதியான பிறகுதான். 6 மாதம் என்று மனதை தயார் செய்து கொள்ளுங்கள். சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். பைக் ஓட்ட முட்டி நன்றாக மடங்க வேண்டும், திடீரென்று நிறுத்தும்போது காலை ஊன்றி வண்டியை தாங்க பலம் வேண்டும். கோல் இல்லாமல் நடக்க முடியாதவர் வண்டியை தொடவே கூடாது.

இந்த காலத்துக்கு பணம்? இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் விசாரிக்காமல் விட்டு விடாதீர்கள். வேலையில் அடிபட்டிருந்தால், வேலைக்கு போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நடந்திருந்தாலும், குணமாகும் வரை சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்க வழி உண்டு. மற்ற விபத்துக்கு தகுதியை பொறுத்து 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. ரோடு விபத்து என்றால் இழப்பீட்டு கோர்ட்டில் மனு போடலாம். 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த சட்ட திருத்தம் இதற்கு 6 மாத கெடு வைத்தது. "கால் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இருக்காமல் வக்கீலை சீக்கிரம் பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில் எல்லாம் பத்திரம்.

பிசியோதெரபிக்கு தினமும் தனியாரிடம் காசு கொடுக்க முடியாதவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் கேட்கலாம். சென்னை கே.கே.நகரில் இதற்கென்றே அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. உங்க ஏரியாவில் யார் வருகிறார்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்புக்கு பக்கத்தில் தொடை எலும்பு முறிந்த வயசானவர்கள் கதை வேறு. அவர்களுக்கு எலும்பு கூடுவதைவிட படுக்கையில் விழாமல் இருப்பதுதான் முக்கியம். சளி கட்டும், படுக்கை புண் வரும். அதனால் டாக்டர் அனுமதித்தால் மறுநாளே பிடித்து நிற்க வைப்பார்கள். "ஐயோ பாட்டி, வேணாம்"னு பாசத்தில் தடுக்காதீர்கள். எலும்பு தேய்மானத்துக்கும் தனியாக மருந்து கேளுங்கள். ஒரு தடவை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம்.

கம்பியை எடுக்கணுமா?

பெரியவர்களுக்கு கட்டாயம் இல்லை. தொல்லை இல்லாவிட்டால் ஆயுளுக்கும் உள்ளேயே இருக்கலாம். துருப்பிடிக்காது. இன்றைய கம்பிகளோடு பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கலாம், முன்கூட்டி சொல்லி விட வேண்டும். ஏர்போர்ட்டில் மெட்டல் டிடெக்டர் கத்தலாம், அவ்வளவுதான்.

வலி இருப்பதால் எடுக்க நினைத்தால் பொதுவாக ஒன்றரை, 2 வருடம் கழித்து, எலும்பு முழுதாக கூடிய பிறகு எடுப்பார்கள். எடுத்தால் வலி போய் விடும் என்று உத்தரவாதம் கிடையாது. கம்பி வெளியே வந்ததும் ஸ்குரூ இருந்த ஓட்டைகள் அடைய சில மாதம் பிடிக்கும். அதுவரை கபடி, மரம் ஏறுவது, மூட்டை தூக்குவது எல்லாம் தள்ளிப்போட வேண்டியதுதான். எடுப்பது என்று முடிவானால் முதல் ஆபரேஷன் சீட்டை கையோடு கொண்டு போங்கள். உள்ளே இருப்பது எந்த கம்பெனி, என்ன மாடல் என்று அதில் இருந்தால்தான் அதற்கு பொருந்தும் கருவியை டாக்டர் முன்கூட்டி வரவழைக்க முடியும்.